தம்பி நடந்தால் பாட்டிக்குக் கால் வலிக்குமா? - "சிஎச்டிர்" என்ற சிஸ்டம் காலின் கதை

எங்கள் ஊர் திருவண்ணாமலை. பௌர்ணமி வந்தால் பாட்டி என்னைப் பிடித்துக்கொள்வார். "எனக்குத்தான் முட்டி முடியல. எனக்கும் சேத்து ஒரு சுத்து சுத்திட்டு வாடா கண்ணு." நானும் கிளம்புவேன். 14 கிலோமீட்டர், வெறுங்கால். இந்திர லிங்கத்தில் ஆரம்பித்து ஈசான்ய லிங்கம் வரை எட்டு லிங்கமும் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தால், பாட்டி போகும்போது உட்கார்ந்திருந்த அதே திண்ணையில் அதே தூணில் சாய்ந்து உட்கார்ந்திருப்பார். புண்ணியம் அவருக்குப் போய்ச் சேர்ந்ததா என்று எனக்குத் தெரியாது. ஆனால் அவர் இடம் மாறவில்லை என்பது மட்டும் நிச்சயம். கால் வலி முழுக்க எனக்கு :-)

கம்ப்யூட்டர் பற்றி எழுதுவதாகச் சொல்லிவிட்டு இதை ஏன் சொல்கிறேன் என்று கேட்கிறீர்களா? காரணம் இருக்கிறது. இந்தத் திண்ணைக் கதைதான் இந்தப் பதிவின் மொத்த விஷயமும்.

போன செமஸ்டர் ஆபரேட்டிங் சிஸ்டம் லேபில் ஒரு குட்டி ஷெல் எழுதச் சொன்னார்கள். கட்டளையை வாங்க வேண்டும், ஃபோர்க் போட்டு ஒரு குழந்தை ப்ராசஸை உருவாக்க வேண்டும், அதற்குள் எக்ஸெக் மூலம் அந்தக் கட்டளையை ஓட்ட வேண்டும், அது முடியும்வரை காத்திருக்க வேண்டும். எழுதினேன். எல்.எஸ். ஓடியது, டேட் ஓடியது, ஹூ ஓடியது. சி.டி. மட்டும் ஓடவில்லை (பாட்டு கேட்கிற சி.டி. இல்லீங்க, சேஞ்ச் டைரக்டரி). அப்படி ஒரு நிரலே இல்லை என்றது. சரி, இல்லாவிட்டால் என்ன, நானே எழுதுகிறேன் என்று சிஎச்டிர் சிஸ்டம் காலை அழைக்கிற நாலு வரி சி நிரல் ஒன்றை எழுதி, அதை என் ஷெல்லில் ஓட்டினேன். பிழை எதுவும் இல்லை. வெற்றி என்று பூஜ்ஜியம் திரும்பி வந்தது. ஆனால் பி.டபிள்யூ.டி. போட்டுப் பார்த்தால் பழைய இடத்திலேயே நிற்கிறது! ஒன்றரை மணி நேரம் போராடினேன். கடைசியில் பக்கத்தில் வந்து நின்ற சார் சிரித்துவிட்டு, "கவலைப்படாதே, யூனிக்ஸை எழுதினவங்களே இதுல மாட்டினவங்கதான். போய்ப் படி" என்றார்.

போய்ப் படித்தேன். படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நிற்கிற இடம்

நம் ஊரில் யாராவது வழி கேட்டால் இரண்டு விதமாகச் சொல்லலாம். ஒன்று, பெரிய கோபுரத்திலிருந்து ஆரம்பித்துச் சொல்வது. அதாவது கிழக்கே இருக்கும் 11 நிலை, 217 அடி ராஜகோபுரம். ஊரில் எங்கே நின்று கேட்டாலும் அந்த வழி மாறாது. இன்னொன்று, "இங்கேருந்து ரெண்டாவது சந்து, இடது கைப் பக்கம்" என்பது. சொல்வதற்குச் சுலபம். ஆனால் கேட்கிற ஆள் எங்கே நிற்கிறார் என்பதைப் பொறுத்துத்தான் அதற்கு அர்த்தம்.

கோப்புகளின் பாதையும் இதே இரண்டு வகைதான். சாய்கோட்டில் ஆரம்பித்தால் ரூட் டைரக்டரியிலிருந்து தேடு என்று பொருள். சாய்கோடு இல்லாமல் ஆரம்பித்தால், "நான் இப்போது நிற்கிற இடத்திலிருந்து" தேடு என்று பொருள். அந்த நிற்கிற இடத்துக்குத்தான் நடப்பு டைரக்டரி என்று பெயர். அதை மாற்றுகிற சிஸ்டம் கால்தான் சிஎச்டிர்.

இந்த எண்ணம் யூனிக்ஸில் பிறந்ததல்ல. 1965-ல் மல்டிக்ஸ் திட்டத்துக்காக ராபர்ட் டேலி, பீட்டர் நியூமன் இருவரும் எழுதிய கட்டுரையிலேயே இது வந்துவிட்டது. மரம் போலக் கிளை விடும் டைரக்டரிகள், அதில் ஒவ்வொரு பயனருக்கும் ஒரு நேரத்தில் ஒரு வேலை செய்யும் டைரக்டரி என்று அப்போதே யோசித்திருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் முழு விலாசத்தையும் எழுத யாருக்குப் பொறுமை இருக்கும்?

சாய்கோடு இல்லாத காலம்

1969-ல் பெல் லேப்ஸ் மல்டிக்ஸிலிருந்து விலகிக்கொண்டது. கென் தாம்ப்சன், டென்னிஸ் ரிட்சி, ருட் கானடே ஆகியோர் சேர்ந்து யோசித்த கோப்பு அமைப்பை, தாம்ப்சன் ஒரு பழைய பிடிபி-7 இயந்திரத்தில் எழுதினார். அதன் நினைவகம் 18 பிட் சொற்கள் 8 ஆயிரம் சொச்சம். இன்று நாம் அனுப்பும் ஒரு குட்மார்னிங் படம்கூட அதற்குள் அடங்காது.

அந்த முதல் யூனிக்ஸில் பாதை என்பதே கிடையாது. சாய்கோடு போட்டு நீளமாக எழுத முடியாது. கோப்பின் பெயர் வெறும் பெயர்தான், அது நடப்பு டைரக்டரியில் இருந்தாக வேண்டும். அப்படியானால் அடுத்தவர் டைரக்டரிக்குப் போவது எப்படி? அதற்கு ஒரு ஏற்பாடு செய்திருந்தார்கள். "டிடி" என்று ஒரு டைரக்டரி. அதில் எல்லாப் பயனர்களின் டைரக்டரிகளுக்கும் இணைப்பு இருக்கும். நம் ஊரில் எந்தத் தெருவிலிருந்தும் தேரடிக்கு வந்துவிட்டால் அங்கிருந்து வேறெங்கும் போய்விடலாம் இல்லையா, அதுபோல. தாம்ப்சனின் டைரக்டரிக்குப் போக வேண்டுமானால் கட்டளைக்குப் பின்னால் "டிடி", "கென்" என்று இரண்டு பெயர்களை வரிசையாகக் கொடுக்க வேண்டும். கட்டளை முதலில் டிடிக்குள் போகும், பிறகு அங்கிருந்து கென்னுக்குள் போகும்.

அந்தக் கட்டளையின் பெயரும் அப்போது வெறும் "சிஎச்" தான். பிடிபி-11 இயந்திரத்துக்கு மாறியபோது அது "சிஎச்டிர்" என்று நீண்டுவிட்டது. ஏன் நீட்டினோம் என்பது எனக்கே நினைவில்லை என்கிற மாதிரி ரிட்சி பின்னாளில் எழுதியிருக்கிறார். எதையும் சுருக்குவதற்குப் பேர்போன கூட்டம், இதை மட்டும் நீட்டியது வேடிக்கைதான். 1979-ல் வந்த ஏழாம் பதிப்பின் ஷெல்லில் அது மறுபடி சுருங்கி "சி.டி." ஆகிவிட்டது.

ஃபோர்க் வந்தது, சிஎச்டிர் செத்தது

இனிதான் கதையின் முக்கியக் கட்டம்.

பிடிபி-7 யூனிக்ஸில் முதலில் ஃபோர்க் கிடையாது. இயந்திரத்தில் இரண்டு முனையங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு ப்ராசஸ். நீங்கள் கட்டளை கொடுத்தால், ஷெல் ஒரு சின்ன ஏற்றும் நிரலை நினைவகத்தின் உச்சியில் வைத்துவிட்டு அதற்குத் தாவும். அது கட்டளை நிரலைக் கொண்டுவந்து ஷெல்லின் மேலேயே ஏற்றிவிடும். ஷெல் அழிந்து போகும்! கட்டளை முடிந்ததும் புதிதாக ஒரு ஷெல்லை வட்டிலிருந்து ஏற்றிக்கொள்வார்கள். ஒரே திண்ணை, ஆள் மட்டும் மாறி மாறி உட்காருவது போல.

இந்த அமைப்பில் சிஎச்டிர் ஒரு சாதாரண நிரல். எல்.எஸ். மாதிரி, டேட் மாதிரி அதுவும் ஒன்று. அது ஓடும், அந்த ஒரே ப்ராசஸின் நடப்பு டைரக்டரியை மாற்றும், முடியும். அடுத்து வரும் ஷெல்லும் அதே ப்ராசஸில் உட்காருவதால் புது இடத்தில்தான் கண் விழிக்கும். எந்தப் பிரச்சினையும் இல்லை.

பிறகு தாம்ப்சன் ஃபோர்க்கைச் சேர்த்தார். ஒரு ப்ராசஸைப் பிரதி எடுத்து இரண்டாக்கும் யோசனை பெர்க்லி நேரப்பகிர்வு அமைப்பில் ஏற்கெனவே இருந்ததுதான். நினைவகத்தில் உள்ள ப்ராசஸை வட்டுக்கு எழுதும் வழக்கம் யூனிக்ஸில் முன்பே இருந்ததால், பிரதி எடுப்பது சுலபமாகிவிட்டது. ரிட்சியின் கணக்குப்படி பிடிபி-7-ல் ஃபோர்க்குக்கு ஆன செலவு 27 வரி அசெம்பிளி. அவ்வளவுதான்! இன்று உலகம் முழுக்க ஓடும் சர்வர்களின் அடிப்படை 27 வரியில் வந்துவிட்டது.

வந்தவுடன் ஒரு பிரச்சினையும் சேர்ந்து வந்தது. சிஎச்டிர் வேலை செய்யவில்லை.

கட்டளை போட்டால் பிழை இல்லை. ஆனால் இடம் மாறவில்லை. என் லேபில் நடந்த அதே கதை, சுமார் 50 வருடம் முன்னால்! ஃபோர்க்கைச் சேர்த்தது சிஎச்டிரை எப்படிக் கெடுத்தது என்று புரியாமல் அவர்கள் நிரலைத் திரும்பத் திரும்பப் படித்துப் பார்த்திருக்கிறார்கள். நிரலில் ஒரு தவறும் இல்லை. அதுதான் கொடுமை. கடைசியில்தான் விளங்கியது. இப்போது ஷெல் தானே கட்டளையாக மாறுவதில்லை. ஒரு குழந்தையைப் பெற்று அதை அனுப்புகிறது. குழந்தை ஒழுங்காகப் புது டைரக்டரிக்குப் போகிறது. போன உடனே வேலை முடிந்தது என்று செத்தும் போகிறது. அப்பன் ஷெல்லோ இருந்த இடத்திலேயே இருக்கிறது.

பேரன் மலையைச் சுற்றினான், பாட்டி திண்ணையில்.

தீர்வு ஒன்றுதான். சிஎச்டிரைத் தனி நிரலாக வைக்காமல் ஷெல்லுக்குள்ளேயே வைப்பது. ஷெல் தன் காலால் தானே நடக்க வேண்டும். இன்றும் பாஷ் முதல் எல்லா ஷெல்களிலும் சி.டி. உள்கட்டளையாக இருப்பதற்கு இதுதான் காரணம். லாகின் போன்ற வேறு சில கட்டளைகளுக்கும் இதே குணம் இருந்ததை அப்போது கண்டுகொண்டார்கள். இந்தச் சம்பவத்தை ரிட்சி 1979-ல் சிட்னியில் நடந்த ஒரு மாநாட்டுக்காக எழுதிய யூனிக்ஸ் வரலாற்றுக் கட்டுரையில் மறைக்காமல் பதிவு செய்தார். 1983-ல் டூரிங் விருது வாங்கிய இரண்டு பேர், நாங்களும் முழித்தோம் என்று ஒத்துக்கொள்வதைப் படித்தபோது எனக்கு ஒரு சின்ன ஆறுதல். (மதிப்பெண் கூடவில்லை, அது வேறு விஷயம்.)

இருபது வரியும் ஜெராக்ஸும்

1971 நவம்பர் 3 தேதியிட்ட யூனிக்ஸின் முதல் கையேட்டிலேயே சிஎச்டிர் இருக்கிறது. அதன் சிஸ்டம் கால் எண் 12. 32 பிட் இன்டெல் லினக்ஸிலும் அதே 12 தான். 64 பிட் இன்டெல் லினக்ஸில் புதிதாக எண் போட்டதில் 80 ஆகிவிட்டது. 64 பிட் ஆர்ம் சிப்பில், அதாவது நம் ஆண்ட்ராய்டு போன்களில், 49.

இதன் உள்ளே என்னதான் நடக்கிறது? அதைப் பார்க்க மிக எளிமையான இடம் 1975-ல் வந்த ஆறாம் பதிப்பு. அதில் சிஎச்டிர் சுமார் இருபது வரிதான். செய்கிற வேலை இவ்வளவே:

1. கொடுத்த பெயரைத் தேடி அதன் ஐநோடைக் கண்டுபிடி. இல்லையென்றால் பிழை.
2. அது டைரக்டரிதானா? சாதாரணக் கோப்பு என்றால் பிழை.
3. உள்ளே நுழைய அனுமதி உண்டா? (டைரக்டரிக்கு எக்ஸ் அனுமதி என்பது நுழைவு அனுமதி.) இல்லையென்றால் பிழை.
4. எல்லாம் சரியென்றால் பழைய டைரக்டரியின் ஐநோடை விட்டுவிடு, புதியதைப் பிடித்துக்கொள்.

கவனியுங்கள், கெர்னல் பிடித்து வைத்திருப்பது டைரக்டரியின் பெயரை அல்ல, ஐநோடை. ஒவ்வொரு ப்ராசஸுக்கும் தனியாக உள்ள குறிப்பேட்டில் அது இருக்கிறது. ஃபோர்க் நடக்கும்போது குழந்தைக்கும் அதே ஐநோடு பிரதியாகக் கிடைக்கிறது, அதைப் பிடித்திருப்பவர்களின் எண்ணிக்கை ஒன்று கூடுகிறது. ஆகவே அப்பன் நிற்கும் இடத்தில்தான் பிள்ளை பிறக்கும். அதற்கப்புறம் பிள்ளை எங்கே போனாலும் அப்பனுக்குத் தெரியாது. (பல வீடுகளில் இதே நிலைமைதான்.)

இந்த ஆறாம் பதிப்பை ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் லயன்ஸ் தன் மாணவர்களுக்காக வரிக்கு வரி விளக்கி 1970-களின் நடுவில் ஒரு உரை எழுதினார். ஏழாம் பதிப்பு வந்தபோது, மூல நிரலை வகுப்பில் பாடமாக நடத்தக் கூடாது என்று உரிமத்தில் தடை போட்டார்கள். ஆனாலும் உலகம் முழுக்க மாணவர்கள் அந்த உரையை ஜெராக்ஸ் எடுத்தே படித்தார்கள். ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸ், அதற்கு ஜெராக்ஸ். 1996-ல்தான் அது முறையான புத்தகமாக வெளிவந்தது. பரீட்சைக்கு முந்தின நாள் ஜெராக்ஸ் கடையில் நிற்கிற நமக்கெல்லாம் அவர் குலதெய்வம் மாதிரி.

டாஸ் பிள்ளைகள்

இதே நாலு வரி நிரலை டாஸில் டர்போ சி-யில் எழுதி ஓட்டினால் என்ன ஆகும் தெரியுமா? வேலை செய்யும்! நிரல் முடிந்த பிறகும் ப்ராம்ப்ட் புது டைரக்டரியில் நிற்கும்.

1981-ல் வந்த முதல் எம்.எஸ்-டாஸில் துணை டைரக்டரிகளே இல்லை. 1983 மார்ச்சில், 10 எம்பி ஹார்டு டிஸ்க் கொண்ட ஐபிஎம் எக்ஸ்டியோடு வந்த 2.0 பதிப்பில்தான் டைரக்டரி மரமும் சி.டி. கட்டளையும் வந்தன. டாஸில் நடப்பு டைரக்டரி ஒவ்வொரு ப்ராசஸுக்கும் தனித்தனி இல்லை. டிரைவ் ஒன்றுக்கு ஒன்று என்று மொத்த இயந்திரத்துக்கும் பொது. ஃபோர்க் வருவதற்கு முந்தின பிடிபி-7 நிலைமைதான். ஒரே திண்ணை.

நம் தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் பல தலைமுறை மாணவர்கள் சி மொழியைக் கற்றது டர்போ சி-யின் நீலத் திரையில்தான். பிறகு மெல்ல லினக்ஸ் வந்தது. சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் 2007-ல் வெளியானது. 2011-ல் தொடங்கிய தமிழக அரசின் இலவச மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்ந்து வந்தது. அக்காவுக்குப் பள்ளியில் கிடைத்த அந்த லேப்டாப்பில்தான் நான் முதன்முதலில் கருப்புத் திரையைத் திறந்தேன். டாஸ் பழக்கத்தில் வளர்ந்த கை லினக்ஸுக்கு வரும்போது தடுமாறுவது இந்த மாதிரி இடங்களில்தான். கட்டளையின் பெயர் ஒன்றுதான், ஆனால் "நிற்கிற இடம் யாருடையது" என்ற கேள்விக்கு இரண்டும் வேறு வேறு பதில் சொல்கின்றன.

பின்னால் வந்த தலைவலிகள்

கெர்னல் ஐநோடைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்றேன் அல்லவா? பென்டிரைவைக் கழற்றப் போனால் "பிஸி" என்று அடம்பிடிப்பதற்கு அதுவும் ஒரு காரணம். எங்கோ ஒரு டெர்மினல் அந்த பென்டிரைவின் டைரக்டரிக்குள் நின்றுகொண்டிருக்கும். வெளியே வந்தால் சரியாகிவிடும். அதேபோல நீங்கள் நிற்கிற டைரக்டரியையே இன்னொரு ஜன்னலிலிருந்து அழித்துவிடலாம். அப்போது நீங்கள் பெயரில்லாத ஒரு ஊரில் நிற்பீர்கள்; பாதை என்ன என்று கேட்டால் கெர்னலால் பதில் சொல்ல முடியாது.

1983-ல் 4.2 பிஎஸ்டியில் குறியீட்டு இணைப்புகள் வந்ததும் இன்னொரு குழப்பம். இணைப்பு வழியாக ஒரு டைரக்டரிக்குள் நுழைந்துவிட்டு இரட்டைப் புள்ளி போட்டு மேலே வந்தால், வந்த வழியே திரும்புவதா, உண்மையான தாய் டைரக்டரிக்குப் போவதா? கெர்னலுக்கு வந்த வழி தெரியாது. அதனால் கார்ன் ஷெல் தொடங்கி ஷெல்களே வந்த வழியை நினைவில் வைக்கத் தொடங்கின.

அடுத்து த்ரெட்கள். ஒரு ப்ராசஸில் பத்து த்ரெட் இருந்தாலும் நடப்பு டைரக்டரி ஒன்றுதான். ஒரு த்ரெட் நகர்ந்தால் மற்ற ஒன்பதின் காலடி நிலமும் நகர்ந்துவிடும். இதைச் சமாளிக்கத்தான் "இந்த டைரக்டரியை அடிப்படையாக வைத்துத் திற" என்று சொல்லும் ஓப்பன்அட் போன்ற அழைப்புகள் 2008-ன் போசிக்ஸ் தரத்தில் இடம்பிடித்தன.

ஒரு நண்பனின் ப்ராஜெக்ட்

கடைசியாக ஒன்று. இதற்காகத்தான் இவ்வளவும் எழுத உட்கார்ந்தேன் என்றுகூடச் சொல்லலாம்.

என் நண்பன் ஒருவன் தன் ப்ராஜெக்டில் தேவையில்லாத கோப்புகளைச் சுத்தம் செய்ய இரண்டு வரி ஸ்கிரிப்ட் வைத்திருந்தான். முதல் வரி: தற்காலிக டைரக்டரிக்குள் போ. இரண்டாம் வரி: இங்கே இருக்கிற எல்லாவற்றையும் அழி. மாதக் கணக்கில் ஒழுங்காக ஓடியது. சமர்ப்பிக்க இரண்டு நாள் இருக்கும்போது அந்த டைரக்டரியின் பெயரை மாற்றினான். ஸ்கிரிப்டில் மாற்ற மறந்துவிட்டான்.

முதல் வரி தோற்றது. சிஎச்டிர் தன் கடமையைச் சரியாகச் செய்தது. அப்படி ஒரு இடம் இல்லை என்று சொன்னது. ஷெல்லும் அதைத் திரையில் எழுதியது. எழுதிவிட்டு இரண்டாவது வரிக்குப் போனது. "இங்கே இருக்கிற எல்லாம்." அந்த நேரம் ஷெல் நின்றுகொண்டிருந்த இடம் அவன் ப்ராஜெக்ட் டைரக்டரி. ஆறு மாத உழைப்பு, ரிப்போர்ட்டோடு சேர்த்து, ஒரு நொடியில் போனது. அன்று இரவு அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பழைய மெயிலில் கிடைத்த பாதியை வைத்து நாங்கள் நாலு பேர் இரண்டு இரவு தூங்காமல் மீதியை எழுதினோம்.

இரண்டு வரிக்கும் நடுவில் && என்று போட்டிருந்தால் போதும். "முதலாவது வெற்றி பெற்றால் மட்டும் அடுத்தது" என்று அர்த்தம். சி நிரலில் என்றால், திரும்பி வருவது மைனஸ் ஒன்றா என்று பார்க்கும் ஒரே ஒரு இஃப். அந்த இருபது வரியில் மூன்று சோதனைகள் இருந்ததைச் சொன்னேனே, அவை நமக்காகத்தான். அவர்கள் பதில் சொல்கிறார்கள். நாம்தான் காது கொடுப்பதில்லை.

1970 வாக்கில் தாம்ப்சனும் ரிட்சியும், போன செமஸ்டரில் நானும், அதற்கு முன்னால் என் நண்பனும் தவறியது ஒரே கேள்வியில்தான்: இப்போது நிற்பது யார், எங்கே? அழிக்கும் கட்டளையைத் தட்டுவதற்கு முன் ஒருமுறை பி.டபிள்யூ.டி. போட்டுப் பாருங்கள். மூன்றே எழுத்து, காசு கிடையாது.

அடுத்த பௌர்ணமிக்குப் பாட்டியை ஆட்டோவிலாவது ஒரு சுற்று அழைத்துப் போகலாம் என்றிருக்கிறேன். இந்த முறை அவரே இடம் மாறட்டும்.